ஒரு மணிக்குத் திரும்பவேண்டும்

பேர்கன் நகரத்தில் அக்கா குடியிருக்கும் வீட்டின் குசினி மேசை மிகச் சிறியது. 2024ஆம் ஆண்டு யூலை மாதம் நான் அங்கு தங்கியிருந்தபோது, ஏறத்தாழ இரண்டு வாரங்களாக அந்த மேசையில் எவரும் ஒழுங்காக இருந்து சாப்பிடவில்லை. ஒரு மலைப்பகுதியின் வரைபடம் அதன்மேல் விரித்தபடியே கிடந்தது. கோப்பைகளை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அக்காவும் நானும் பெறாமகளும் அந்தப் படத்தில் விரலால் நடந்துகொண்டிருந்தோம். அத்தான் இடையிடையே எட்டிப் பார்ப்பார். "இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் அமர்ந்துவிடுவார்.

அதே கேள்வி முதலில் எனக்கும் இருந்தது. அக்கா நோர்வேக்குச் சென்று 24 வருடங்கள். முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்கிறார். இரவு வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என்று காலம் போய்விட்டது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் நகரத்தில் இத்தனை வருடம் வாழ்ந்தவர், ஆரம்ப காலத்தில் ஒரே ஒரு தடவை வேலைத்தலத்தாருடன் மலைக்குப் போயிருக்கிறார். அதன்பின் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "முழங்கால் நோ" என்பார்.

இப்போது என்ன வந்தது? பராமரிப்பு நிலையத்தில் படுக்கையில் இருக்கும் மூதாட்டி ஒருவரைக் குளிப்பாட்டும்போது அவர் தாம் இளமையில் ஏறிய மலைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாராம். ஒருநாள், "நீ எந்த மலைக்குப் போயிருக்கிறாய்?" என்று அக்காவைக் கேட்டுவிட்டார். அக்காவிடம் பதில் இருக்கவில்லை. "இருபத்திநாலு வருசமா இந்தச் சனத்தின்ர கால்களைக் கழுவிறன். அந்தக் கால்கள் போன இடத்தை ஒருக்காப் பாக்கவேணும் போல கிடக்கு" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

நோர்வேயில் நடை என்பது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, நாய் எல்லோரும் காட்டுக்கும் மலைக்கும் புறப்பட்டுவிடுவார்கள். பயிர் செய்யாத நிலம் எவருக்குச் சொந்தமானாலும் அதில் நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பழைய வழக்கமாக இருந்த இந்த உரிமையை 1957இல் சட்டமாகவும் ஆக்கினார்கள். ஆனால் சட்டம் தரும் உரிமையும் ஒருவர் அதைத் தமது உரிமையாக உணர்வதும் ஒன்றல்ல என்பது சமூகப் பணியில் இருக்கும் எமக்கு நன்கு தெரிந்த விடயம்.

எந்த மலை என்பதில் தாய்க்கும் மகளுக்கும் ஒரு வாரம் இழுபறி. 19 வயதுப் பெறாமகளுக்கு 'துரோல்துங்கா'தான் வேண்டும். பூதத்தின் நாக்கு என்று பொருள். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. அதன் நுனியில் நின்று படம் எடுப்பதற்கென்றே உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். 2010இல் ஆயிரத்துக்கும் குறைவானோர் போன இடத்துக்கு 2016இல் ஏறத்தாழ 80,000 பேர் போனார்கள். வழமையான பாதையில் போய்வர 27 கிலோமீற்றர் அளவு. பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் நடக்கவேண்டும். போனவர்களில் பலர் களைத்தும் குளிரில் விறைத்தும் மீட்கப்பட்டார்கள். தவிர, அந்தப் பாறைக்குக் கீழே தெரிவது அணைகட்டித் தேக்கிய ஏரி, பியோர்ட் அல்ல. அக்காவுக்குப் பியோர்ட்தான் பார்க்கவேண்டும். பனிக்கட்டி ஆறுகள் பல்லாயிரம் வருடங்களாக மலைகளைக் குடைந்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து நிற்பதையே பியோர்ட் என்கிறார்கள். பேர்கனுக்குக் கிழக்கே இருக்கும் ஹார்டாங்கர் பியோர்ட் 179 கிலோமீற்றர் தூரம் நாட்டுக்குள் நீள்கிறது.

ஈற்றில் அக்கா தெரிவுசெய்தது அந்தப் பியோர்ட்டின் தெற்குக் கிளைக்கு மேலே செல்லும் 'அரசியின் பாதை'யை. கின்சார்விக், லொப்தூஸ் என்ற இரண்டு சிறிய ஊர்களுக்கு இடையில் மலைவிளிம்பு வழியாகச் செல்லும் 16 கிலோமீற்றர் பாதை. அரசி சொன்யா விரும்பி நடக்கும் பாதை என்பதால் அந்தப் பெயர். இவர் அரச குடும்பத்தில் பிறந்தவரல்லர். துணி வியாபாரி ஒருவரின் மகள். முடிக்குரிய இளவரசரைக் காதலித்து, சாதாரண குடும்பத்துப் பெண் என்பதற்காக ஒன்பது வருடம் காத்திருந்து 1968இல் மணமுடித்தவர். அவருக்கு 80 வயது நிறைந்த 2017ஆம் ஆண்டு ஒஸ்லோ அரண்மனைப் பூங்காவில் அவருடைய சிலை வைக்கப்பட்டது. அதில் கிரீடமோ பட்டாடையோ இல்லை. மலைநடை உடுப்போடு கல்லில் அமர்ந்து ஆறுகிறார்.

வரைபடத்தில் அந்தப் பாதையின் உயரங்களைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். நாங்கள் போக நினைத்த 'நூசி' என்ற காட்சிமுனை 950 மீற்றர். மலையகத்தில் சில வருடங்கள் வேலை செய்தவள் நான். நுவரெலியா நகரமே 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போய் இறங்கித் தேநீர் குடித்திருக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. "பஸ்ஸில போனனீ. இது கடல்மட்டத்திலயிருந்து உன்ர காலால" என்றார். அதுதான் விடயம். லொப்தூஸ் ஊர் கடலோரத்தில் இருக்கிறது. ஆகவே 950 மீற்றர் என்பது முழுவதும் ஏறவேண்டிய உயரம். பிறகு முழுவதும் இறங்கவேண்டிய உயரம். அத்துடன் அந்த வடதிசையில் எங்கள் நாட்டைப் போல இரண்டாயிரம் மீற்றருக்கு மேலும் காடு வளர்வதில்லை. அந்தப் பக்கத்து மலைகளில் ஆயிரம் மீற்றருக்குள்ளேயே மரங்கள் நின்றுவிடும். அதற்குமேல் காற்றை மறைக்க ஒன்றுமில்லை. நூறு மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை குளிரும். கீழே 15 பாகை என்றால் மேலே 9 பாகை. காற்று வீசினால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும்.

அடுத்தது, எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது? இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். பெரும்பாலானோர் கின்சார்விக்கில் தொடங்கி லொப்தூஸில் இறங்குகிறார்கள். அப்படிப் போனால் பல மணித்தியாலம் நடந்து களைத்த பிறகு, செங்குத்தான இறக்கம் கடைசியில் வரும். முழங்கால் நோ உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எதிரி. இன்னொன்று, பாதிவழி போனபின் ஏலாமற்போனால் சுருக்கு வழி இல்லை. முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம். லொப்தூஸில் இருந்து நூசிக்கு ஏறி அதே வழியால் திரும்புவதென்றால், எந்த இடத்தில் நின்றாலும் வந்த வழி தெரிந்த வழி. பெறாமகள் முகத்தைச் சுளித்தாள். 16 கிலோமீற்றரும் நடந்தால்தான் 'அரசியின் பாதை' நடந்ததாகச் சொல்லலாமாம். "சொல்லுறதுக்கு இல்லையடி பிள்ளை, நடக்கிறதுக்கு" என்று அக்கா முடித்துவைத்தார்.

லொப்தூஸ் பக்கம் இன்னொரு சிறப்பும் உண்டு. அங்கே ஏற்றத்தின் கடினமான பகுதியில் 616 கற்படிகள் இருக்கின்றன. பேர்கனுக்கு அருகே 1146இல் நிறுவப்பட்ட லீசே மடத்தின் துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் அமைத்தவை என்கிறார்கள். இந்த ஊரில் அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. இன்று ஹார்டாங்கர் அப்பிளுக்கும் செரிப் பழத்துக்கும் பெயர்போனது என்றால், பழப் பயிர்ச்செய்கையை அங்கு கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

பயிற்சிக்கு பேர்கன் நகரமே போதும். அதைச் சூழ்ந்த ஏழு மலைகளில் உயரமான உல்ரிக்கன் 643 மீற்றர். அதிலும் கற்படிகள் உண்டு, 1333 படிகள். அவை துறவிகள் போட்டவை அல்ல. நேபாளத்தில் இருந்து அழைத்துவரப்பட்ட ஷெர்ப்பாக்கள் எங்கள் காலத்தில் போட்டவை. இமயமலைக்காரரின் கைவேலையில் நோர்வேக்காரர் வியர்வை சிந்துகிறார்கள். இரண்டு வாரங்களில் நான்கு தடவை ஏறினோம். முதல் நாள் அக்கா பாதிவழியில் நின்றுவிட்டார். நான்காம் நாள் எனக்கு முன்னே போனார். நான் விளையாட்டுச் சப்பாத்துடன் ஏறினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

உடுப்பு விடயத்தில் எனது அறிவெல்லாம் தலைகீழானது. பருத்தியைப் போல உடம்புக்கு நல்லது வேறில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே மலைக்குப் பருத்தி ஆகாது. வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆகவே கோடைகாலத்திலும் உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்குமேல் தடித்த உடுப்பு, பைக்குள் காற்றும் மழையும் புகாத மேலங்கி, தொப்பி, கையுறை. யூலை மாதத்தில் கையுறை வாங்கியபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

உடுப்பைப் பற்றிப் பேசும்போது தெரேசே பெர்த்தோ என்ற பெண்ணை நினைக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூட ஆசிரியை. 2405 மீற்றர் உயரமான ஸ்தோரே ஸ்காகஸ்தோல்ஸ்திண் சிகரத்தில் 1894இல் ஏறிய முதற் பெண் அவர். பெண்கள் நீண்ட பாவாடையோடு பாறை ஏறிய காலம் அது. பிறகு பாவாடையை விட்டுக் காற்சட்டை அணிந்து ஏறினார். 130 வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியை காற்சட்டை போட்டபோது அந்த ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்பதை எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நோர்வேக்காரர் மலைக்குக் கொண்டுபோகும் சொக்லேட் ஒன்று உண்டு. பெயர் 'குவிக் லுன்ஷ்'. 1937இல் இருந்து விற்பனையாகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுள்ள உறை. 1967ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறு விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து மலை விதிகளை நாடெங்கும் பரப்பியபோது, இந்தச் சொக்லேட் உறையின் உட்புறத்திலும் அவற்றை அச்சிடத் தொடங்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் 1868இல் தொடங்கிய மலைநடைச் சங்கமும் அந்த விதிகளை 2016இல் புதுப்பித்தன. மொத்தம் ஒன்பது. பெறாமகள் சொக்லேட்டைத் தின்றுகொண்டு அவற்றை எமக்கு வாசித்துக் காட்டினாள். பயணத்தைத் திட்டமிடு, போகும் வழியை மற்றவருக்குச் சொல். உன்னால் முடிந்ததற்கும் நிலைமைக்கும் ஏற்ப வழியைத் தீர்மானி. வானிலையைக் கவனி. குறுகிய பயணமானாலும் குளிருக்கு ஆயத்தமாகப் போ. இப்படிப் போய், எட்டாவது: காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. அதை வாசித்தபோது அக்கா, "திருப்பி வாசி" என்றார். அவள் திருப்பி வாசித்தாள்.

நான் சமூகவியல் படித்தவள். அட்டவணை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். யார், எந்த வழி, எத்தனை மணிக்குத் தொடக்கம், பையில் என்ன. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், றொட்டியும் கட்டைச் சம்பலும், தேத்தண்ணிப் போத்தல், பிளாஸ்ரர், காகித வரைபடம், திசைகாட்டி, கைத்தொலைபேசிக்கு மேலதிக பற்றரி. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு வரிகள் எழுதினோம். 'எங்கே நின்றாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பவேண்டும்.' 'ஒருவரையும் தனியே விட்டுப் போவதில்லை.' இரண்டாவது வரியை எழுதச் சொன்னவர் அக்கா. நான் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

ஒரு மணி என்றதும் பெறாமகள் சண்டைக்கு வந்தாள். யூலையில் அங்கே இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பின்னேன் ஒரு மணிக்குத் திரும்பவேண்டும்? அந்த வெளிச்சம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது என்றார் அக்காவுடன் வேலை செய்யும் நோர்வேப் பெண். பகல் முடியாததால் நேரம் முடியாது என்று நினைத்துவிடுவார்களாம். கால் தளர்ந்துவிடுவது அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்த வானிலைச் சேவையின் பெயர் 'யூர்'. அந்த மொழியில் தூறல் என்று அர்த்தம். வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பேர்கன் நகரத்தவருக்குப் பொருத்தமான பெயர்தான். நாங்கள் தெரிவுசெய்த நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மழை என்று அது காட்டியது. துறவிகளின் படிகள் நனைந்தால் வழுக்கும். மூன்று மணிக்குள் படிகளைத் தாண்டிக் கீழே வந்துவிடவேண்டும். அதனால்தான் ஒரு மணி.

அந்தத் தாளின் பிரதியொன்றை அத்தானிடம் கொடுத்தோம். இரவு எட்டு மணிவரை எங்களிடமிருந்து தகவல் இல்லையென்றால் 112க்கு அறிவிக்கவேண்டும். பொலிஸார் மீட்புக் குழுவை அனுப்புவார்கள். அவர்களில் பலர் செஞ்சிலுவைத் தொண்டர்கள். மீட்கப்பட்டவரிடம் அந்நாட்டில் கட்டணம் கேட்பதில்லை. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பார்த்தால் அக்காவின் பைக்குள் ஒரு ரோர்ச் லைற் இருந்தது. நாங்கள் வைக்கவில்லை.

காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். வொஸ் வழியாக இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலான ஓட்டம். மலைக்குள் குடைந்த சுரங்கப் பாதைக்குள்ளேயே ஒரு சுற்றுவட்டம், நீல விளக்கு வெளிச்சத்தில். அதிலிருந்து வெளியே வந்தால் நேரே ஹார்டாங்கர் பாலம். 2013இல் திறந்த தொங்குபாலம். இரண்டு கோபுரங்களுக்கும் இடையில் மட்டும் 1310 மீற்றர். பாலம் முடிந்ததும் திரும்பவும் சுரங்கம். வழியில் இரண்டு இடத்தில் நின்றதால் லொப்தூஸில் நடக்கத் தொடங்கும்போது ஒன்பது மணி. திட்டத்தில் எட்டரை என்று இருந்தது.

முதலில் பழத்தோட்டங்களுக்கு நடுவே தெரு. செரிப் பழங்கள் கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தன. பிறகு காடு. ஏற்றம் ஏற்றமாகவே இருந்தது. மூச்செடுக்கச் சமதரை கிடைக்கவில்லை. இடப்பக்கம் ஆற்றின் இரைச்சல். ஒரு மணித்தியாலம் போனதும் என் வலது குதிக்காலில் ஏதோ எரிந்தது. தாளில் 'சப்பாத்து: உண்டு' என்று நான்தான் சரி அடையாளம் போட்டிருந்தேன். உண்மைதான், சப்பாத்து இருந்தது. அக்காவின் பழைய மலைச் சப்பாத்து, என் காலுக்கு அரை அளவு பெரிது. அதை அன்றுதான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு நடந்தேன். பயிற்சியெல்லாம் விளையாட்டுச் சப்பாத்துடன் அல்லவா? பிளாஸ்ரர் ஒட்டினேன். சிறிது நேரத்தில் அது கழன்றது. இன்னொன்று ஒட்டினேன். சொன்னால் வேகம் குறையும் என்று சொல்லாமல் நடந்தேன். சொல்லாததாலும் வேகம் குறைந்தது.

படிகள் தொடங்கிய இடத்தில் பெறாமகள் சத்தமாக எண்ணத் தொடங்கினாள். படி என்றதும் கோயில் படிபோல நினைக்கவேண்டாம். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரற்கடை உயரம், சில கற்கள் சரிந்திருக்கும். எண்ணூறு வருடமாக மனிதரும் மிருகங்களும் மிதித்த கற்கள். திரும்பிப் பார்த்தால் கீழே பியோர்ட் கடும்பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஒரு படகு போனது. அதன் பின்னால் விழுந்த கோடு நெடுநேரம் அழியாமல் இருந்தது. எதிர்க்கரை மலைகளுக்குமேல் ஃபொல்கஃபொன்னா பனிப்பரப்பின் வெள்ளை விளிம்பு. அதன்மேல் முகில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா தடிகளை ஊன்றி ஊன்றி எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். அப்படி அவரை நான் சிறுவயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

412ஆவது படியில் நான் அமர்ந்துவிட்டேன். நேரம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. காலுறையைக் கழற்றினால் கொப்புளம் உடைந்து இரத்தம். மேலே இன்னும் 204 படிகள். படிகள் முடிந்தபின்னும் நூசிக்கு நடக்கவேண்டும். அக்கா மேலே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கொப்புளத்துக்காக அல்ல, இத்தனை வருடம் காத்திருந்தவரின் நாளை நான் கெடுத்துவிட்டேனே என்று.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ அக்கா. நான் இதில இருக்கிறன். எனக்கு ஒண்டும் இல்லை" என்றேன். எங்கள் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வரும் வசனம் அது.

"ஏலாது" என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, "என்னையும் அண்டைக்கு இப்பிடித்தான் ஒரு கல்லில இருத்திப்போட்டுப் போனவை" என்றார்.

அந்தக் கல்லில் அமர்ந்துதான் நான் கதையைக் கேட்டேன். நோர்வேக்கு வந்த இரண்டாவது வருடம். வேலைத்தலத்தாருடன் மலைநடை. என்ன உடுப்பது, எவ்வளவு தூரம் என்று எவரும் சொல்லவில்லை. கேட்க அக்காவுக்கு மொழியும் இல்லை. மெல்லிய சப்பாத்தும் டெனிம் காற்சட்டையுமாகப் போனார். பின்தங்கினார். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள், இதில் இருந்து ஆறு, ஒரு மணித்தியாலத்தில் வந்து கூட்டிப்போகிறோம் என்று. வர இரண்டரை மணித்தியாலமானது. அதற்குள் புகார் மூடிவிட்டது. எந்தப் பக்கம் வழி என்று தெரியாமல், நனைந்து, நடுங்கி, பெயர் சொல்லிக் கூப்பிடவும் வெட்கப்பட்டு இருந்தாராம். வந்தவர்கள் "சுகமா?" என்று கேட்க, "சுகம்" என்றாராம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரியவில்லை. "அதுக்குப் பிறகு ஆர் கூப்பிட்டாலும் முழங்கால் நோ எண்டு சொல்லிப்போடுவன். சொல்லிச் சொல்லி உண்மையாவே நோ வந்திட்டுது" என்று சிரித்தார்.

மற்றவர்களின் கதைகளைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். இருபது வருடத்துக்கு மேலாக வாரந்தோறும் தொலைபேசியில் அக்காவுடன் கதைக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

பெறாமகள் மேலே நாலு படி ஏறி நின்றவள், பேசாமல் இறங்கி வந்தாள். றொட்டியைச் சாப்பிட்டோம். சரியாக ஒரு மணிக்கு அக்கா எழுந்து பையை மாட்டினார். இறங்கும்போது அவர் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கி, கையைத் தந்து தந்து கூட்டிவந்தார். பராமரிப்பு நிலையத்தில் நடக்க ஏலாதவர்களைக் கூட்டிப்போகும் முறை அது என்று பிறகுதான் விளங்கியது. முழங்கையைப் பிடிக்கவேண்டும், இழுக்கக்கூடாது. நாலு மணி கடந்து பழத்தோட்டத் தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

மழை பெய்யவில்லை. மூன்று மணிக்கும் இல்லை, நாலு மணிக்கும் இல்லை. முகிலும் விலகி, நாங்கள் நின்றிருக்கவேண்டிய மலைமுனை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. "மழை வரேல்லையே அம்மா. போயிருக்கலாம்" என்றாள் பெறாமகள். "ஓம், போயிருக்கலாம்" என்று அக்கா ஒத்துக்கொண்டார். தெருவோரத்தில் செரி விற்றவரிடம் ஒரு கிலோ வாங்கி, பியோர்ட் கரையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு மூவரும் தின்று முடித்தோம். அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார். வொஸ் தாண்டிய பிறகுதான் மழை தொடங்கியது.

அன்றிரவே அக்கா அந்தத் தாளின் பின்பக்கத்தில் திருத்தங்கள் எழுதத் தொடங்கிவிட்டார். முதல் நாளே போய் லொப்தூஸில் குடில் எடுத்துத் தங்குவது. காலை ஏழு மணிக்குத் தொடங்குவது. நொந்தால் நொந்தவுடனே சொல்வது. இதற்குக் கீழே இரண்டு கோடு. சிவப்பு மை வரிகள் இரண்டும் அப்படியே இருந்தன.

நான் இலங்கைக்குத் திரும்பிய பின் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு புகைப்படம் வந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். பின்னால் பியோர்ட் முழுவதும். நேரம் 11.20. படத்தின் ஓரத்தில் ஒரு மனிதர் பாறையில் அமர்ந்து, இரண்டு கையாலும் அந்தப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தான். "ரோர்ச் லைற் பிடிக்க வந்தவராம்" என்று பெறாமகள் எழுதியிருந்தாள். மூதாட்டியிடம் படத்தைக் காட்டினீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். காட்டினாராம். அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு மேலேயும் பாதை போகிறது, தெரியுமா என்றாராம்.

சில மாதங்களின் பின், ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் அக்கா ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே என் அளவில் ஒரு சோடி மலைச் சப்பாத்து. 'இப்பவே போட்டு நடந்து பழக்கு' என்று துண்டு வைத்திருந்தார். மாலையில் வேலையால் வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடக்கிறேன். வெயில் இன்னும் ஆறியிருக்காது, கால் வெந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்து, காலில் என்ன வருத்தம் என்று கேட்கிறார்.